அக்கா சொன்ன “ஒண்டுமில்ல”

இது உனக்கு என்னத்துக்கு? ஒரு கிழவியின் அடிவயிற்றுக்குள் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வருகிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் ஏதும் வைத்துவிட்டு வந்திருந்தால் போய் இறக்கிவிட்டு வா. இது பாதியில் எழும்பிப் போகிற கதை இல்லை. பாதியில் எழும்பிப் போனவள் ஒருத்தி இருந்தாள். அவள் என் அக்கா. அவளைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்று மட்டும் கேட்காதே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள். நான் அங்கே இன்னும் போய்வர வேண்டியவள்.

எனக்கு மாதா மாதம் வருகிற அது நின்று பதினான்கு வருடம். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எழும்பும்போது சீலையில் ஒரு பொட்டு. நெற்றியில் வைக்கிற பொட்டளவுதான். இறால் கழுவிய தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். இறாலுக்கு ஏது அந்த நிறம்? “இந்த வயசில எங்க வந்த நீ, வழி மாறிட்டியா?” என்று அதைப் பார்த்துக் கேட்டேன். என் பகிடிக்கு நானே முதலில் சிரிப்பது வழக்கம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஒரு பொட்டு.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அவள் உள்ளே போய் அதிக நேரம் ஆகவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முகம் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது.

“என்னகா செய்த?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதிச் சீட்டு காலியாகக் கிடந்தது. அவள் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு துறை வரைக்கும் நின்றபடியே வந்தாள். “ஏன், சீட்டு கடிக்குமா?” என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு ஆற்றைக் கடக்கப் பாதையில் ஏறினோம். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஆட்களும் ஒன்றாக ஏறுகிற பெரிய மிதவைதான் எங்களுக்குப் பாதை. அதன் ஓரத்தில் குனிந்து, ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நடு ஆறு தாண்டியும் கழுவினாள்.

திரும்பவும் வரச்சொல்லி ஒரு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. “போகல்லயா?” என்று கேட்டால், “பாத்தாச்சு, ஒண்டுமில்ல” என்றாள். நானும் நம்பினேன். இரண்டு மாரிக்காலம் கழிந்தது. அவள் வயிறு பெரிதாகிக்கொண்டு வந்தது, கையும் காலும் ஈர்க்கு மாதிரி ஆனது. மூன்றாவது மாரிக்கு அவள் இல்லை.

இப்போது புரிகிறதா, அந்தப் பொட்டைப் பார்த்து நான் ஏன் சிரிக்கவில்லை என்று?

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். மகள் எழும்ப முன்னம் சீலையை அலசி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டேன். என் மகள் பொல்லாதவள். ஒரு நாள் கூட்டுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“இது கோழியிட சீலையா?” என்று கேட்டாள்.

“ஓம், அதுக்கும் வயசு வந்திட்டு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாளே கிளினிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தடித்திருக்கிறது, சதை எடுத்துப் பார்த்தால்தான் கூடாத வருத்தமா, அதுதான் புற்றுநோயா, இல்லையா என்று சொல்லலாம் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். அக்காவுக்குத் தந்த அதே மாதிரித் துண்டு. அதே வாங்கு. வாங்கின் காலுக்கு மட்டும் புதிதாக ஆணி அடித்திருந்தார்கள்.

வாங்கு நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தியும் கிளினிக் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டில் இரும்பு விழுகிற சத்தம் கேட்கும். ஆள் சத்தம் கேட்காது. கொஞ்சத்தில் ஒருத்தி வெளியே வருவாள். அடுத்தவள் நிமிர்ந்து பார்ப்பாள். வந்தவள், “ஒண்டுமில்ல” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். எனக்கு முன்னால் போனவள் என்னைவிட இளையவள். வெளியே வந்து என் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தாள்.

“ஒண்டுமில்லக்கா. எறும்பு கடிக்கிற மாதிரித்தான்” என்றாள்.

அவளுடைய கீழ் உதட்டில் பல் பதிந்து இரத்தம் கசிந்திருந்தது. எந்த ஊர் எறும்பு என்று கேட்க வாய் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

நேர்ஸ் மிஸ் ஒரு கடதாசியை நீட்டினாள். “இதில ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“என்ன எழுதியிரிக்கி?”

“செய்யிறதுக்குச் சம்மதம் எண்டு.”

“கலியாணத்துக்கும் இப்பிடித்தான் ஒரு கடதாசி நீட்டின, மிஸ். அதுக்குப் பொறகு ஆறு புள்ள.”

மிஸ் சிரித்தாள். நான் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றாள். நல்ல பிள்ளை. எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இதைத் தவிர வேறு வழி ஏதும் இருக்கிறதா, நோவுக்கு ஏதும் தருவார்களா என்று அந்தக் கடதாசியும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தெரியாது. சோற்றுக்கு உப்புக் காணாவிட்டால் கேட்கத் தெரியும். இதைக் கேட்கத் தெரியாது.

காலைத் தூக்கி வைக்க இரண்டு இரும்புக் கொம்பு. கூரையில் தண்ணீர் ஊறிய கறை ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

டொக்டர் சின்னப் பெண். வடக்குப் பக்கப் பேச்சு. “கொஞ்சம் கடிக்கும் அம்மா, இறுக்காமல் விடுங்கோ” என்றது. பிறகு தொடங்கியது.

தூண்டில் முள் மீனுக்குள் எப்படிப் போகும் என்று நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மீன் என்ன நினைக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். வயிற்றின் அடியில் எதையோ கொளுவி, முதுகுத்தண்டு வழியாக இழுக்கிற மாதிரி. ஆறு பெற்ற நோவு வேறு. அது வரும், விடும், மூச்சு விட நேரம் தரும். இது விடவில்லை.

ஆனால் நான் வாய் திறக்கவில்லை. இதை நீ கவனமாகக் கேள், கதையின் முள் இங்கேதான் இருக்கிறது. எங்கள் அம்மா எனக்கும் அக்காவுக்கும் முதல் பிள்ளை கிடைக்கிற நேரம் தலைமாட்டில் இருந்து சொன்னது ஒன்றே ஒன்று: “நோவு வந்தா வாயத் திறக்காத. சத்தம் மேல போனா புள்ளையும் மேல போயிடும்.” நாங்கள் திறக்கவில்லை. சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே பெற்றோம். எங்கள் வளவில் எந்தப் பெண்ணும் கத்திப் பெறவில்லை. கத்தினவளைப் பற்றிப் பேரன் காலம் வரைக்கும் கதைப்பார்கள்.

“நோகுதோ அம்மா?” என்று டொக்டர் பிள்ளை கேட்டது.

இல்லை என்று தலையாட்டினேன். நான் ஆட்டவில்லை, தலை தானாக ஆடியது.

கூரைக் கறை கறுத்துக்கொண்டு வந்தது. காதுக்குள் பாதையின் இன்ஜின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு மிஸ் என் கன்னத்தில் தட்டி, “அம்மா, அம்மா, கண்ணத் திறங்க” என்று சொல்வது கேட்டது. உடம்பு முழுக்க வேர்வை. வாய்க்குள் சீலை. எப்போது கடித்தேன் என்று தெரியாது.

“இண்டைக்குக் காணும். எடுத்தது கொஞ்சம்தான், பரிசோதிக்கக் காணாது, இன்னொரு நாள் வரவேணும்” என்றது டொக்டர் பிள்ளை. அதன் முகமும் வாடித்தான் இருந்தது.

சீலையை ஒழுங்காக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாங்கில் அடுத்ததாக இருந்தவள் மெலிந்த பெண். கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னக்கா செய்த?”

“ஒண்டுமில்ல” என்றேன்.

சொன்னது என் வாய்தான். குரல் அக்காவுடையது.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் சீட்டுப் பிடித்து வைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “இரிங்களன் அம்மா” என்றாள். இருக்க முடியாது என்று சொல்லவில்லை. அக்கா பிடித்திருந்த இடத்தில் என் கை இருந்தது. அன்றைக்கு அவளைக் கேலி செய்த வாயால் என்னையே கேலி செய்து பார்த்தேன். சரிவரவில்லை.

பாதையில் ஏறும்போது ஆறு அசையாமல் கிடந்தது. ஒரு காற்றுமில்லை. இனி இதைக் கடந்து அங்கால போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சண்டை. மகள் அழுதாள், ஏசினாள், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் பகிடியாகவே சமாளித்தேன். எனக்குள்ளே இருக்கிறது என்னோடுதான் வந்தது, என்னோடு போகட்டும் என்றேன். அந்தக் கட்டிலா, வருத்தமா என்று கேட்டால் வருத்தத்தோடு இருந்துவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இரண்டாம் நாள்தான் விளங்கியது. அவளிடம் என்ன ஏது என்று கேட்க ஆள் இருக்கவில்லை. நான் அவளைச் சீட்டுக் கடிக்குமா என்றுதான் கேட்டேன்.

அக்காவின் வளவுக்குப் போனேன். அவளுடைய மகளிடம் கேட்டு, விசுக்கோத்துத் தகரத்துக்குள் அடையாள அட்டையோடு கிடந்த பழைய கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். என் கொப்பியையும் பக்கத்தில் வைத்து, “இத வாசி” என்று மகளிடம் கொடுத்தேன். எல்லாம் இங்கிலீசு. அவள் முதலில் என்னுடையதை வாசித்தாள்.

“நோவ நல்லாத் தாங்கினா எண்டு எழுதியிரிக்கி. சதை காணாது. திருப்பி வரச் சொன்ன.”

“அக்காட?”

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

“அதேதான் அம்மா. நோவ நல்லாத் தாங்கினா. சதை காணாது. திருப்பி வரச் சொன்ன.” பிறகு விரலைக் கீழே கொண்டுபோனாள். “வரல்ல.”

அதற்குக் கீழே வெறும் தாள். ஒரு கோடும் இல்லை. மகள் கடைசித் தாள் வரைக்கும் புரட்டிப் பார்த்தாள்.

எங்கள் அம்மா சொல்லித் தந்ததை நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் செய்திருக்கிறோம். நாங்கள் வாயை மூடியிருந்தோம், அவர்கள் நல்லாத் தாங்கினா என்று எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அக்கா செத்துப்போனாள்.

எங்கள் பக்கத்துக்கு ஸ்கூட்டரில் வருகிற மருத்துவிச்சி மிஸ்ஸை மகள் ஒழுங்கையில் மறித்துக் கேட்டாள். “நோவுக்கு ஊசி இரிக்கிதானே” என்று அவ சாதாரணமாகச் சொன்னா. “கேட்டாக் குடுப்பாங்க. ஆக்கள் நிறைய, நேரமில்ல, கேக்காட்டி ஆரும் சொல்லாங்க.” ஊசி இருக்கிறதாம். எனக்கும் இருந்தது. அக்காவுக்கும் ஆஸ்பத்திரி அலுமாரிக்குள் இருந்திருக்கும்.

மறுபடியும் ஆற்றைக் கடந்தேன். இந்த முறை கடதாசி நீட்டின உடனே கையெழுத்துப் போடவில்லை. “டொக்டரக் கதைக்கச் சொல்லுங்க மிஸ்” என்று கொம்புக் கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டேன்.

டொக்டர் பிள்ளை கொப்பியைப் புரட்டியது. “போன முறை நல்லாத் தாங்கினீங்கள் எண்டுதானே எழுதியிருக்கு.”

“தாங்கல்ல மகள். சத்தம் போடல்ல. அது வேற, இது வேற.”

“நோகுதோ எண்டு கேட்டனான். இல்லை எண்டு தலையாட்டினீங்கள்.”

“பழக்கம்” என்றேன். அம்மா சொல்லித் தந்ததைச் சொன்னேன். அக்காவின் கொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். “இவவும் நல்லாத் தாங்கினா எண்டிரிக்கி. பாருங்க, எங்க போய் நிண்டிரிக்கி எண்டு.”

அந்தப் பிள்ளை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றது. ஒன்று, இன்றைக்கே செய்யலாம். முதலில் குளிசை தந்து ஒரு மணித்தியாலம் வைத்து, கருப்பை வாயில் விறைக்கிற ஊசி போட்டுச் செய்வது. குறையும், ஆனால் முழுக்க நோகாது என்று சொல்ல மாட்டேன் என்றது. மற்றது, தியேட்டரில் மயக்கி எடுப்பது. அதற்கு இதயம், பிரஷர் எல்லாம் பார்க்க வேண்டும், நாள் கிடைக்க ஒன்றிரண்டு மாதம் போகும்.

“எது வேணும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

அறுபத்தேழு வயதில் முதல் தரம் என்னிடம் எது வேண்டும் என்று ஒருத்தர் கேட்டார். அதுவும் கொம்புக் கட்டிலில் வைத்துக் கேட்டார். சீலைக் கடையில் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்து ஆடம்பரமாகச் சொல்லியிருப்பேன்.

“போன முறை ஏன் மகள் இப்பிடிக் கேக்கல்ல?”

“வெளியில எவ்வளவு பேர் எண்டு பாத்தீங்கள்தானே அம்மா.”

“பாத்த. எல்லாரும் வாய மூடிக்கொண்டுதான் இரிக்காங்க.”

இரண்டு மாதம் என்னால் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் வரமாட்டேன் என்று எனக்கே தெரியும். இன்றைக்கே என்றேன். ஆனால் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்றேன். சரி என்றது. குளிசை விழுங்கி, நேரம் போய், படுத்த பிறகு, ஒன்றும் தொட முன்னமே கையைத் தூக்கினேன். டொக்டர் பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது.

“என்னம்மா?”

“சும்மா பாத்த, நிக்கிதா எண்டு.”

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்று சிரித்தாள்.

ஊசியே குத்தியது. பிறகு விறைத்தது. முள் இந்த முறையும் உள்ளே போனது, ஆனால் தடித்த சாக்குக்குள்ளால் போகிற மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் சாக்குக் கிழிந்தது. கையைத் தூக்கினேன், உண்மையாகவே. நிறுத்தினார்கள். மூச்சு விட்டேன். பிறகு, “ம், செய்யுங்க” என்றேன். கடைசி இழுவைக்கு வாயைத் திறந்து கத்தினேன். அறுபத்தேழு வருடம் உள்ளே கிடந்த சத்தம், எருமை கத்துகிற மாதிரி வந்தது.

“எடுத்தாச்சு. காணும்” என்றது டொக்டர் பிள்ளை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாங்கு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் என்னக்கா என்று கேட்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒருத்தி கொப்பியைப் பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கி, எழும்பி நடந்தாள். “இஞ்ச நில்லு புள்ள” என்று கூப்பிட்டேன். என் குரல் கத்தினதில் கரகரத்துப் போயிருந்தது, அதைக் கேட்டு இன்னும் வேகமாக நடந்தாள். என்னால் பின்னால் ஓட முடியாது. அவள் எந்த ஊர், என்ன பேர், பிறகு வந்தாளா, ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு வெறும் தாள் விழுந்தது வாயை மூடியிருந்ததால். இவளுக்கு விழுந்தால் அது என் சத்தத்தால். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. இன்னும் கூடாத வருத்தம் ஆகவில்லை. ஆனால் ஆகக்கூடியது. தினமும் குளிசை விழுங்க வேண்டும், ஆறு மாதத்தில் திரும்பவும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டிலுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது.

அன்றைக்குப் பின்னேரம் வளவுப் பெண்கள் எல்லோரும் விசுக்கோத்துப் பெட்டியோடு வருத்தம் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணி முடிய முன்னமே என் மச்சாள் தொடங்கினாள்.

“என்னகா மச்சாள், உள்ளுக்க விட்டுத் தேடினாங்களாமே. என்ன கண்டெடுத்த?”

“உன்ட புருசன்ட மூக்குக் கண்ணாடி” என்றேன். “எத்தின வருசமாத் தேடின, பாவம்.”

வீடு அதிரச் சிரித்தார்கள். பக்கத்து வளவு மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். தூணோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு கை அடிவயிற்றில் இருந்தது. மற்றக் கைக்குள் நாலாக மடித்த ஒரு கடதாசித் துண்டு. அந்த மடிப்பை எனக்குத் தெரியும்.

“மாமி, நொந்ததா?” என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

ஒண்டுமில்ல என்று சொல்ல நாக்கு மேலே போய்விட்டது. அங்கேயே பிடித்து வைத்தேன். நொந்தது என்று மட்டும் சொன்னாலும் இவள் கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

“நொந்தது புள்ள. முதல் தரம் உசிர் போய் வந்த. மறுகா ஊசி போட்டுச் செஞ்ச, பொறுக்கலாம் போல இருந்த. போகாம மட்டும் இருந்திடாத, அக்கா அப்பிடித்தான் போன. கட்டில்ல ஏற முந்திக் கேளு, நோவுக்கு என்ன தருவீங்க எண்டு. கையத் தூக்கினா நிப்பாட்டுவீங்களா எண்டு கேளு. நொந்தா வாயத் திறந்து கத்து.”

“இவட கதைய நம்பாத புள்ள” என்றாள் மச்சாள். “இவ பொறந்தண்டிலிருந்து பொய்தான்.”

திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை பகிடி இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் பிழைதான், அறுபது வருடம் நான் பழக்கின சிரிப்பு.

தூணடியில் இருந்தவள் துண்டை விரித்து, திரும்ப மடித்தாள். “விடிய முதல் பாதை எத்தின மணிக்கு மாமி?”

“ஆறு மணிக்கு” என்றேன். “தனியப் போகாத. நானும் வாறன். உள்ள நீ கத்தினா, வெளிய வாங்கில இரிக்கிறவங்களுக்குச் சொல்லி வைக்க ஒரு ஆள் வேணும்.”